தம்பியின் வண்டிக்குப் போட்ட இன்வெர்ட்டர்

மார்ச் 3, செவ்வாய்

வண்டி வயரிங் கடையைத் திறக்கும்போதே ஹாரன்காரர் வாசலில் நின்றார். இந்த வருஷத்தில் நாலாவது தடவை. அந்த மனுஷன் வண்டியில் வேறு எதுவும் கெடுவதில்லை, ஹாரன் மட்டும்தான். “அழுத்தி அழுத்தியே கெடுக்கிறீங்க” என்றேன். “எதிர்ல வர்றவனுக்கெல்லாம் காது அவிஞ்சு போச்சு, நான் என்ன பண்றது?” என்றார்.

மத்தியானம் தம்பி வந்தான். பிக்கப் வாங்கிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும் அதே பாட்டு. இவன் தச்சு வேலைக்குப் போகும் புதுக் கட்டடங்களில் பாதிக்குக் கரண்டே இருக்காது. ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு அலைகிறான். “அதோட சத்தத்துல நான் பேசுறது எனக்கே கேக்கலக்கா. வண்டி பேட்டரியிலேருந்து வீட்டுக் கரண்ட் மாதிரி எடுத்துக் குடு. சீட்டுக்குப் பின்னால ஒரு இன்வெர்ட்டர், ரெண்டு பிளக் பாயின்ட். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா? ஏதோ பல்பு மாட்டச் சொல்ற மாதிரி சொல்றியே.”

“நீ பண்ணலைன்னா நான் யார்கிட்ட போவேன்?”

இப்படிக் கேட்டால் நான் கவிழ்ந்துவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். எனக்குப் பன்னிரண்டு வயதில் பிறந்தவன். இடுப்பில் தூக்கி வளர்த்தது பாதி நான்தான்.

மார்ச் 5, வியாழன்

இரண்டாயிரம் வாட் இன்வெர்ட்டர் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை வரும். கேபிள் என்னிடமே இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே வண்டியைக் கடைக்குள் ஏற்றிவிட்டான். முதல் வேலையாகப் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். சீட்டுக்குப் பின்னால் அவன் ஒரு பலகையை அளந்து, அறுத்து, இழைத்துப் பொருத்தினான். யார் கண்ணிலும் படாத இடம், அதற்கும் விளிம்பை உருட்டிவிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறான். “யாருடா பார்க்கப்போறா?” என்றேன். “நான் பார்ப்பேன்ல” என்றான். அதன்மேல் இன்வெர்ட்டரை நாலு போல்ட்டில் நிறுத்தினோம். காற்றுப் போக நாலு விரல் இடம் விட்டேன்.

கேபிள் என் கட்டைவிரல் பருமன். பேட்டரியிலிருந்து அது உள்ளே வர, என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தகட்டில் ஓட்டை போட வேண்டியிருந்தது. போட்ட ஓட்டையின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். ரப்பர் வளையம் ஒன்று மாட்டித்தான் கேபிளை நுழைக்க வேண்டும். கடையில் இருந்த வளையமெல்லாம் சின்னது. கேபிளின் மேலேயே டேப் சுற்றினேன், ஏழெட்டுச் சுற்று.

ஃபியூஸும் இல்லை. பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருநூறு ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று உட்கார வேண்டும். எங்காவது கேபிள் வண்டியின் இரும்பு உடம்பில் உரசினால் முதலில் அது போய்விடும், வண்டி தப்பிக்கும். ஆர்டர் போட்டிருக்கிறேன். வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்றேன். சரி என்றான்.

என்ஜினை ஓடவிட்டு ரம்பத்தைப் போட்டுப் பார்த்தான். சத்தம் சுத்தமாக, ஒரே சீராக வந்தது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “ரம்பத்தையும் இழைக்கிற மெஷினையும் ஒண்ணா ஓட்டாதே, தாங்காது” என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.

நல்ல நாள். விரல் நுனியெல்லாம் வலிக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

ஃபியூஸ் வந்துவிட்டது. வளையமும் கூடவே. தம்பிக்குப் போன் பண்ணினேன். சைட்டில் அவசர வேலையாம், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறேன், அப்போது பார்த்துக்கலாம் என்றான். அலமாரியில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

தம்பி வந்தான், சாப்பிட்டான், போனான். நானும் நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 26, வியாழன்

மூன்றரை மணிக்குத் தம்பி பெண்டாட்டி போன். “அண்ணி, வண்டி எரிஞ்சு போச்சாம், இவருக்குக் கையில—” கடையை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஷட்டரை இழுத்தேனா என்றுகூடத் தெரியாது. என் வீட்டுக்காரர் போய்ப் பூட்டியிருக்கிறார்.

வலது கை. முழங்கைக்குக் கீழே முழுக்கக் கட்டு. பார்க்க விடவில்லை. அவனோடு வேலை செய்யும் கொத்தனார்தான் சொன்னார்: மாடியில் மரம் அறுத்துக்கொண்டிருந்தான், கீழே வண்டி ஓடிக்கொண்டிருந்தது, பானெட்டிலிருந்து புகை. இறங்கி ஓடி, பானெட்டைத் தூக்கி, பேட்டரியிலிருந்த கேபிளைக் கையாலேயே பிடித்துப் பிடுங்கினானாம். “செவசெவன்னு இருந்துச்சும்மா அந்தக் கேபிள். அடுப்புக் கம்பி மாதிரி. வேணாம்னு கத்துறேன், அவரு கேக்கல.” மேலுறை உருகிக் கையோடு ஒட்டிக்கொண்டது. அதற்குள் உள்ளே சீட்டில் பிடித்துவிட்டது. வண்டி போச்சு.

நான் ஒன்றும் எழுத—

மார்ச் 27, வெள்ளி

மயக்கம் தெளிந்து பேசினான். என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை: “நீ சொன்னதைக் கேக்கலக்கா. ரம்பம், இழைக்கிற மெஷின் ரெண்டையும் சேர்த்துப் போட்டுட்டேன். சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்னு.”

“ம்” என்றேன்.

மார்ச் 28, சனி

எரிந்த வண்டியை சைட்டின் மதிலோரம் தள்ளி வைத்திருக்கிறார்கள். தனியாகப் போய்ப் பார்த்தேன்.

இரண்டு மெஷினை ஒன்றாக ஓட்டினால் இன்வெர்ட்டர் கத்தும், பிறகு தானே அணைந்துவிடும். அதற்கென்றே உள்ளே ஏற்பாடு இருக்கிறது. கேபிள் எரியாது. இது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

அந்தத் தகட்டு ஓட்டையைப் பார்த்தேன். விளிம்பில் செம்பு உருகி, குன்றிமணி அளவுக்குத் திரண்டு உறைந்து நிற்கிறது. என்ஜின் ஓட ஓட அதிர்ந்து, டேப் தேய்ந்து, கேபிள் தகட்டில் முட்டியிருக்கிறது. தடுக்க நடுவில் ஒன்றுமில்லை. ஃபியூஸ் இருந்திருந்தால் ஒரு ‘டப்’. அவ்வளவுதான். அவன் இறங்கி வந்து, என்னக்கா இது கரண்ட் வரலை என்று போன் பண்ணியிருப்பான்.

பழைய பக்கங்களைத் திருப்பினேன். ஃபியூஸ் வரும்வரை ஓட்டாதே என்று அவனிடம் சொன்னதாகத்தான் நேற்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. ‘வந்ததும் போட்டுக்கொள்ளலாம்’ என்றுதான் இருக்கிறது, என் கையெழுத்தில்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி என் வாசலில் நின்றது. மூன்று மணி நேரம் நின்றது. ஃபியூஸ் அலமாரியில். கால் மணி நேர வேலை. சாப்பிட்டதும் கண்ணைச் சொருகியது, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு படுத்துட்டேன். படுத்துட்டேன்டா.

ஏப்ரல் 2, வியாழன்

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். கட்டைவிரல் அசையும் என்கிறார் டாக்டர். எந்த அளவுக்கு என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். டாக்டர்கள் ‘பார்க்கலாம்’ என்பதும் நான் ‘பார்க்கலாம்’ என்பதும் ஒன்றுதானோ.

ஏப்ரல் 11, சனி

தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். நானும் போயிருந்தேன். அவன் பெண்டாட்டி அவனுக்கு ஊட்டிவிட்டுக்கொண்டே திட்டினாள். ஆஸ்பத்திரியில் அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வருகிறது. “அண்ணி தலைபாடா அடிச்சுக்கிட்டாங்கல்ல, ரெண்டையும் ஒண்ணா ஓட்டாதேன்னு? காதுல வாங்கினியா நீ? அவசரம், அவசரம், எல்லாத்துலயும் அவசரம்.” அவன் வாயைத் திறந்து சோற்றை வாங்கிக்கொண்டான். திட்டு வாங்கும் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்து மென்றுகொண்டிருந்தான்.

அவள் என் பக்கம் திரும்பி, “நீங்களே சொல்லுங்கண்ணி” என்றாள்.

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து சமையலறைக்குப் போனேன். அங்கே குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஏப்ரல் 15, புதன்

இன்சூரன்ஸ்காரர் வந்தார். மெலிந்த மனிதர், குரலே உயரவில்லை. எரிந்த வண்டியின் போட்டோக்களை எல்லாம் கட்டிலில் பரப்பினார். இன்வெர்ட்டரை யார் மாட்டியது என்று கேட்டார். நான் அங்கேதான், கதவோரம் நிற்கிறேன்.

தம்பி என்னைப் பார்க்கவே இல்லை. “நானேதான் சார் மாட்டினேன். வீடியோ பார்த்து.”

“நீங்களேவா? அனுமதி பெற்ற கடையில கொடுக்கலையா?”

“இல்ல சார்.”

அவர் எழுதிக்கொண்டார். அப்படியென்றால் கம்பெனி ஏற்றுக்கொள்வது கஷ்டம் என்று சொல்லிவிட்டு, கையை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போய்விட்டார்.

“ஏன்டா அப்படிச் சொன்னே?” என்றேன்.

“உன் கடை லைசென்ஸுல கை வைப்பாங்கக்கா. தப்பு பண்ணது நான். நீ எதுக்கு நடுவுல?”

அவன் எனக்காகப் பொய் சொன்னான். அதுவும் ஒரு நொடிகூட யோசிக்காமல். வாயைத் திறந்திருக்கலாம் நான். கதவுக்கு முட்டுக் கொடுத்தவள் மாதிரி நின்றேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பஸ் ஓட்டிவிட்டு வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்த்தார்.

“சொல்லாதே” என்றார்.

“எப்படிங்க?”

“சொன்னா அவன் விரல் முளைச்சு வருமா? இப்போ அவனுக்கு அக்கான்னு ஒருத்தி இருக்கா. சொன்னா அதுவும் இல்லாமப் போகும். யாருக்கு நல்லது? உனக்குத்தான். மனசுல இருக்கிற பாரத்தை அவன் தலையில இறக்கி வச்சுட்டு நீ நிம்மதியாத் தூங்கணும், அதானே?”

கோபத்தில் சொன்னாரா, யோசித்துத்தான் சொன்னாரா? அப்போதிலிருந்து அதையே உருட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆனால் அவன் தினமும் தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அதை யார் இறக்கி வைப்பது?

ஏப்ரல் 19, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணி இருக்கும். கண்ணாடி முன்னால் நின்று இடது கையால் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது பட்டனில் மாட்டிக்கொண்டு நின்றது. உதவப் போனேன். “விடு, பழகணும்” என்றான். போட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு உட்காரச் சொல்லி, முதலிலிருந்து சொன்னேன். வளையம், டேப், ஃபியூஸ், தகட்டில் உருகியிருந்த செம்பு. இரண்டு மெஷினை ஓட்டியதற்கும் தீக்கும் சம்பந்தமே இல்லை என்று. எல்லாம் சொன்னேன். அழவில்லை. அழக்கூடாது என்று போகும்போதே முடிவு பண்ணியிருந்தேன்.

அவன் கடைசிவரை கேட்டான். பிறகு, “அந்த ஃபியூஸ் எப்போ வந்துச்சு?”

“பதினேழாம் தேதி.”

“நான் உன் வீட்டுக்கு வந்தது?”

“இருபத்திரண்டு.”

“போட எவ்வளவு நேரம் ஆகும்?”

“கால் மணி நேரம்டா.”

தலையை ஆட்டினான். தனக்குள் எதையோ கூட்டிப் பார்க்கிற மாதிரி. “அன்னிக்கு நானும் உன் வீட்டு சோபாவுலதானே தூங்கினேன்” என்றான். “எழுப்பியிருந்தா நானே பிடிச்சிருப்பேனே டார்ச்சை.”

அவன் பெண்டாட்டி சமையலறை வாசலில் நின்றிருந்தாள், எப்போதிலிருந்து என்று தெரியாது. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். மெதுவாகத்தான் பேசினாள். “ஒரு வாரமா நான் இவரைத் திட்டிக்கிட்டிருந்தேன் அண்ணி. கையில்லாத மனுஷனை உக்கார வச்சு, வாய்க்கு வந்தபடி. நீங்க பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டிருந்தீங்க.”

ஆமாம் என்றேன்.

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டே, “நீ போக்கா” என்றான்.

வந்துவிட்டேன். இவர் டீ போட்டு வைத்திருந்தார்.

ஏப்ரல் 20, திங்கள்

இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். அந்த மெலிந்த மனிதரே இருந்தார். இன்வெர்ட்டரை மாட்டியது நான், என் கடையில், ஃபியூஸ் இல்லாமல், ரப்பர் வளையம் இல்லாமல் என்று இரண்டு பக்கம். படித்துவிட்டு, “இது உங்களுக்கே எதிராப் போகும், தெரியுமில்ல?” என்றார். தெரியும் என்றேன். “அவர் ஏன் தானே பண்ணினேன்னு சொன்னார்?” அதையும் சொன்னேன். எழுதாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அந்த வரியை விட்டுடலாம்” என்றார். நல்ல மனிதர்.

மே 6, புதன்

வண்டி சம்பந்தமாகத் தம்பிக்கு வரவேண்டியது வரும் என்று தெரிகிறது. எனக்கும் லைசென்ஸ் கொடுத்த ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்கு வண்டி வயரிங் எதையும் தொடக்கூடாது. பேட்டரி சார்ஜ் போடலாம், பல்பு மாற்றலாம். ஹாரன்காரர் வந்தார். இனிமேல் வேறு கடைக்குப் போங்கள் என்றேன். “ஒரு ஹாரன்தானேம்மா, யாருக்குத் தெரியப்போகுது?” என்றார். திருப்பி அனுப்பிவிட்டேன்.

தம்பிக்கு மூன்று தடவை போன் பண்ணினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஜூன் 11, வியாழன்

எதிர்வீட்டுக்காரி சொல்லித் தெரிந்துகொண்டேன்: தம்பி ரம்பத்தையும் இழைக்கும் மெஷினையும் விற்றுவிட்டானாம். உளிகளை மட்டும் வைத்திருக்கிறானாம்.

அவனைப் பற்றி எதிர்வீட்டுக்காரி சொல்லித் தெரிந்துகொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டது.

ஜூலை 19, ஞாயிறு

அவன் வீடு வரைக்கும் போனேன். கதவு திறந்திருந்தது, உள்ளே ஆள் நடமாட்டம் தெரிந்தது. செருப்பைக் கழற்றாமலேயே திரும்பிவிட்டேன்.

இவர் சொன்னது சரிதானோ என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள், இல்லை, அவன் இப்போது தன்னைத் திட்டிக்கொள்வதில்லையே என்று தோன்றுகிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கும் போலிருக்கிறது.

செப்டம்பர் 24, வியாழன்

பின்கதவு நிலையைக் கரையான் அரித்துவிட்டது. இவருக்கு டூட்டி. நானே மரக்கடைக்குப் போனேன், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்த கடை. அவன் அங்கே இருப்பான் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

கல்லாவுக்கு முன்னால் சின்ன மேஜை. அளவு எழுதிச் சீட்டுப் போடும் வேலை. எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். என் முறை வந்ததும், எழுதிக்கொண்டிருந்ததிலிருந்து தலையைத் தூக்கினான். உடம்பு இளைத்திருக்கிறது. காதோரம் நரை. வலது கை மடியில் இருந்தது.

“சொல்லுங்க” என்றான்.

பிறந்ததிலிருந்து அவன் என்னை ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. அம்மா திட்டியும் வராத மரியாதை அது.

“கதவு நிலைக்கு. ஏழடியில ரெண்டு, மூணடியில ஒண்ணு.”

“கனம்?”

“நாலு அங்குலம்.”

இடது கையால் எழுதினான். எழுத்தெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. சீட்டைக் கிழித்து நீட்டினான். “அந்தப் பக்கம் குடுங்க, எடுத்துத் தருவாங்க.”

கை எப்படியிருக்குடா என்று கேட்க நினைத்தேன். பின்னால் ஆள் நின்றார். சீட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

மரம் வெளியே வந்ததும் ஒரு முனையை நானே தூக்கக் குனிந்தேன். அப்போது உள்ளேயிருந்து அவன் குரல், சுமை தூக்குபவரிடம்: “அண்ணே, அந்த அம்மாவைத் தூக்க விடாதீங்க. அவங்களுக்கு முதுகு ஆகாது. நீங்களே வண்டியில ஏத்தி, கயிறு கட்டிக் குடுத்துடுங்க.”

திரும்பிப் பார்த்தேன். அடுத்தவரிடம் அளவு கேட்டுக்கொண்டிருந்தான்.

மரத்தைக் கொண்டுவந்து பின்பக்கச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். மழைக்கு முன்னால் நிலையை மாற்றிவிட வேண்டும். நாளைக்கு எங்காவது ஒரு தச்சரை விசாரிக்க வேண்டும்.